பேசச் சொல்லும் காகிதம்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்து நடைபாதை வளைவில் என் சைக்கிள் ஒரு சீனப் பாட்டியின் மேல் மோதிவிட்டது. பெரிய மோதல் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தார், இரண்டு கையிலும் பை. பையை விடாமலே பக்கவாட்டில் விழுந்தார். கங்கோங் கீரை ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம். மணிக்கட்டு எலும்பு முறிந்துபோனது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களில் ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார், இன்னொருவர் போலீசைக் கூப்பிட்டார்.

பத்து நாள் கழித்து ஸ்டேட்மெண்ட் எடுக்க அழைத்தார்கள். போனேன். ஐ.ஓ. என்று எல்லாரும் சொல்லும் அந்த விசாரணை அதிகாரி நம் ஆள், தமிழ்ப் பையன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். குளிர்சாதனம் அதிகமாக இருக்கிறதா என்று கேட்டு, எழுந்துபோய்க் குறைத்துவிட்டு வந்தார். அப்புறம் விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். எங்கிருந்து வந்தீர்கள், மணி என்ன, தரை ஈரமாக இருந்ததா, பிரேக் பிடித்தீர்களா. நான் தமிழில் சொல்ல, அவர் ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டே வந்தார்.

எவ்வளவு வேகம் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். "கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன் தம்பி. அன்னைக்குப் பொண்ணுக்கு டியூஷன், லேட்டாயிடுச்சு."

தட்டி முடித்து, அச்செடுத்து, படித்துப் பார்க்கச் சொன்னார். தவறு இருந்தால் திருத்தலாம், திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்றும் சொன்னார். நான்காவது பத்தியில் இப்படி இருந்தது: நான் வேகமாக ஓட்டி வந்தேன், எனக்கு அவசரம். என் 'கொஞ்சம்' போய்விட்டது. 'வேகமாத்தான்' என்பதில் இருந்த 'தான்' எப்படியும் ஆங்கிலத்துக்குப் போகாது, அதை விடுங்கள். ஆனால் 'கொஞ்சம்' போயிருக்கலாம் அல்லவா? பேனா கையில் இருந்தது. இவ்வளவு மரியாதையாக நடந்துகொண்ட பையனிடம் ஒரு சொல்லுக்காக மல்லுக்கு நிற்பதா என்று கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலை தேக்காவில் மாமாவைப் பார்த்தேன். அம்மாவின் தம்பி. 1972இல் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, ஹேவ்லாக் ஸ்குவேரில் இருந்த அந்த எண்கோணக் கட்டடத்தில் வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். கோப்பி ஓவை ஊதி ஊதிக் குடித்தபடி நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நடைபாதையில சைக்கிள் எவ்வளவு வேகம் போகலாம்?"

"மணிக்கு 10 கிலோமீட்டர்."

"வேகமாப் போனேன்னு கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"தவளை எதனால கெடும்னு சின்ன வயசுல படிச்சியாடா நீ?"

மாமாவிடம் திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை. அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் புதிது. நான் அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம் என்றார். புத்திசாலித்தனம் என்ற கணக்கில் அவர் சொல்லவில்லை, சட்டத்தின் கணக்கில் சொன்னார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு போலீஸ் வாக்குமூலம் வாங்கும் அதிகாரத்தைப் பற்றியது. விசாரிக்கப்படுபவர் தனக்குத் தெரிந்ததை உண்மையாகச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அது சொல்கிறது. அதே மூச்சில் ஒரு விலக்கும் தருகிறது: தன்மேல் குற்றச்சாட்டோ தண்டமோ பறிமுதலோ வரக்கூடிய எதையும் அவர் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ அந்தப் பையன் ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு சட்டம் இல்லடா."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மாமா சொன்னது சரி. 1992இல் மஸ்லான் பின் மைடுன் என்பவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இந்த உரிமையைப் பற்றி விசாரிக்கப்படுபவரிடம் எடுத்துச் சொல்லும் கடமை போலீசுக்கு இல்லை, பேசாமல் இருக்கும் உரிமை என்பது அரசியலமைப்பு தந்த உரிமையும் இல்லை. பெட்டிக்குள் பொருள் இருக்கிறது, ஆனால் பெட்டி இருப்பதை யாரும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்கிற மாதிரி. எனக்கு இது இன்றுவரை சரியாகச் செரிக்கவில்லை.

அமெரிக்கப் படங்களில் கைவிலங்கு மாட்டும்போதே "பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு" என்று ஒப்பிப்பார்களே, அது 1966இல் மிராண்டா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் போட்ட விதி. அதைப் பார்த்துப் பார்த்து, உலகம் முழுக்க இப்படித்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த உரிமையின் வரலாறு என்று தேடினால் எல்லாரும் முதலில் கொண்டுபோய் நிறுத்துவது ஜான் லில்பர்ன் என்ற ஆங்கிலேய இளைஞரிடம். 1637இல் அனுமதியில்லாத புத்தகங்களை இறக்குமதி செய்தார் என்று பிடித்தார்கள். 'நட்சத்திர மன்றம்' என்று பெயர் கொண்ட அரசரின் நீதிமன்றம், எதைக் கேட்கப்போகிறோம் என்று சொல்லாமலே, கேட்பதற்கெல்லாம் உண்மையாகப் பதில் சொல்வேன் என்று முதலில் சத்தியம் செய்யச் சொன்னது. அவர் மறுத்தார். வண்டியின் பின்னால் கட்டி, தெருவழியே சாட்டையால் அடித்துக்கொண்டே போனார்கள். 1641இல் நாடாளுமன்றம் அந்த மன்றத்தையே ஒழித்தது. நல்ல கதைதான். ஆனால் அதை நம் கதை என்று என்னால் நினைக்க முடியவில்லை. என்னை உலுக்கியது வேறொன்று, அது சென்னையில் நடந்தது.

1854. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றி லண்டன் நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்ததும், அதை விசாரிக்க ஓர் ஆணையம் போட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. ஆணையத்தின் அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தாலும் நடுநடுவே நம் சொற்கள் வந்து விழுகின்றன. அதில் ஒன்று கிட்டி. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள், அவ்வளவுதான். நடுவே விரல்களை வைத்து எலுமிச்சம்பழம் பிழிவது போல அழுத்துவார்கள். இன்னொன்று ஆளை வளைத்துக் கட்டி, வெயிலில் போட்டுவிடுவது. கிட்டியின் பெயரை எங்கள் ஆயா பேச்சில் நான் கேட்டிருக்கிறேன். "கிட்டி போட்டு இறுக்கற மாதிரி கேக்கறியே" என்பாள், கடன் கேட்டு நச்சரிப்பவர்களைப் பார்த்து. அது என்ன பொருள் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. ஒரு அரசாங்க அறிக்கையில் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் பார்த்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

அந்தக் கிட்டியைப் பெரும்பாலும் போட்டது வரி வசூலுக்காக. தாசில்தாரிடமே வரி வாங்கும் அதிகாரமும் இருந்தது, போலீஸ் அதிகாரமும் இருந்தது. ஒரே ஆள், ஒரே கிட்டி. வரி தராதவன் விரலுக்கும் அதுதான், களவை ஒப்புக்கொள்ளாதவன் விரலுக்கும் அதுதான். அறிக்கை பழியை உள்ளூர்ச் சிப்பந்திகளின் தலையில் போட்டுவிட்டு வெள்ளைக்கார அதிகாரிகளை மெதுவாக விலக்கி வைத்தது. அப்படி வசூலான பணம் யார் பெட்டிக்குப் போனது என்பதை யோசிக்க ஆணையம் தேவையில்லை.

ஆனாலும் அந்த அறிக்கை கிளப்பிய கூச்சத்திலிருந்து ஒரு நல்ல விதி பிறந்தது. 1861இல் வந்த இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்றது. இங்கிலாந்தில்கூட அப்படி ஒரு முழுத் தடை கிடையாது. 1872இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எழுதிய இந்தியச் சாட்சியச் சட்டம் அதை 25ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது. பின்னாளில் அதே ஸ்டீபன் தன் குற்றவியல் சட்ட வரலாற்றில், இந்தியாவில் வேலை பார்த்த ஒரு அதிகாரி தன்னிடம் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறார். போலீஸ் ஏன் சித்திரவதை செய்கிறது என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட, நிழலில் சுகமாக உட்கார்ந்து ஒரு அப்பாவியின் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தேய்ப்பது எவ்வளவோ சுலபம்.

இந்த உரிமைக்கு எத்தனையோ தத்துவ விளக்கங்கள் உண்டு. எனக்கு இந்த மிளகாய்ப்பொடி விளக்கம் போதும். நிரபராதி பேசத்தான் விரும்புவான், குற்றவாளிதான் மௌனத்தைக் கேட்பான் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் கிண்டல் செய்தார். நரிவேட்டையில் நரிக்கும் ஓட வாய்ப்புக் கொடுப்பது மாதிரி இது என்றும் எழுதினார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி நரிக்காக வந்ததா? விசாரிக்கிறவரை நாற்காலியிலிருந்து எழுப்பி வெயிலில் நடக்க வைப்பதற்காக வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, சென்னைக் கதைக்கும் யீஷூனுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. 1867 வரை சிங்கப்பூர் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட இடம். அதற்கப்புறம் தனிக் காலனியான பின்னும், 1893இல் நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த காலனி) ஸ்டீபனின் சாட்சியச் சட்டத்தைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டன. இன்றைக்கும் சிங்கப்பூர்ச் சாட்சியச் சட்டத்தின் எலும்புக்கூடு அதுதான். தஞ்சாவூர்க்காரன் கப்பலேறி வந்த மாதிரி அந்தச் சட்டமும் வந்தது. வந்த இடத்தில் அதுவும் மாறியது.

இந்தியாவில் அந்தத் தடை இன்னும் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் வேறு எண்ணில் தொடர்கிறது. அரசியலமைப்பின் 20(3) விதி, குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 2010இல் செல்வி வழக்கில், ஒருவரின் சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் ஊசி போடுவதும் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைப்பதும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுத்தில் இவ்வளவும் உண்டு. காவல் நிலையங்களுக்குள் என்ன நடக்கிறது என்பது தமிழ்ச் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. இங்கே போலீசிடம் சொன்னது நீதிமன்றத்துக்கு வரும். கேட்டு எழுதியவர் சார்ஜண்டுக்குக் குறையாத பதவியில் இருக்க வேண்டும், மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் தானாகச் சொன்னதாக இருக்க வேண்டும். இல்லை, மிரட்டி வாங்கினார்கள் என்று தகராறு வந்தால், வழக்குக்குள் வழக்காக அதைத் தனியே விசாரிப்பார்கள். மாமா மொழிபெயர்த்ததிலேயே பாதி இதுதானாம். 'அவர் மேசையைத் தட்டினாரா, உன்னைத் தட்டினாரா' என்று ஒரு நாள் முழுக்க.

ஆனால் மாமாவின் தொழிலில் பெரிய மாற்றம் வந்தது 1976இல். அதற்கு முன்னால், ஆங்கிலேய நீதிபதிகள் 1912இல் வகுத்த விதிகளின் வழியில் வந்த பழைய எச்சரிக்கை இருந்தது. மாமா அதைத் தமிழில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்து வைத்திருந்தார்: "நீ எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. சொன்னா எழுதிக்குவாங்க. அது கோர்ட்ல சாட்சியமா வரலாம்." 1972இல் இங்கிலாந்தில் ஒரு சட்டச் சீர்திருத்தக் குழு, இந்த எச்சரிக்கை கைதேர்ந்த குற்றவாளிகளுக்குத்தான் வசதியாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று அறிக்கை கொடுத்தது. இங்கிலாந்தில் பெரிய கூச்சல் கிளம்பி அதைக் கிடப்பில் போட்டார்கள். சிங்கப்பூர் 1976இல் எடுத்துச் சட்டமாக்கிவிட்டது. இங்கிலாந்து கிட்டத்தட்ட அதே பாதைக்கு வந்து சேர 1994 ஆனது. ஆசிரியரின் வீட்டுப்பாடத்தை மாணவன் பதினெட்டு வருடம் முந்திச் செய்துவிட்ட கதை.

அப்படி வந்ததுதான் இன்று 23ஆம் பிரிவின்கீழ் படித்துக் காட்டப்படும் அறிவிப்பு. வக்கீல்கள் இதில் வாங்குவதைக் காஷன்ட் ஸ்டேட்மெண்ட் என்பார்கள். என்னிடம் வாங்கியது அதற்கு முந்தியது, லாங் ஸ்டேட்மெண்ட். அறிவிப்பின் சாரம் இதுதான்: உன்மேல் இந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. இதைப்பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா? உன் தரப்பு நியாயத்தை இப்போது சொல்லாமல் விட்டு, வழக்கு விசாரணையில்தான் முதல்முதலாகச் சொன்னால் நீதிபதி உன்னை நம்புவது குறையலாம். அது உனக்குப் பாதகமாகலாம். ஆகவே இப்போதே சொல்வது நல்லதாக இருக்கலாம்.

பழைய காகிதம் வாயை மூட அனுமதித்தது. புதிய காகிதம் வாயைத் திறக்கச் சொல்கிறது.

"இதைத் தமிழ்ல சொல்றதுல ஒரு சங்கடம் இருக்குடா" என்றார் மாமா. "இங்கிலீஷ்ல அது வழவழன்னு சாதுவா இருக்கும். தமிழ்ல 'இப்பவே சொல்லிடுறது உனக்கு நல்லது'ன்னு சொல்லிப் பாரு."

சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வருடத் தமிழ்ச் சினிமாவில் லத்தியைக் கையில் தட்டியபடி இன்ஸ்பெக்டர் பேசும் அதே வசனம். மாமா ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தாலும், கேட்கிறவன் காதில் லத்திச் சத்தம் விழுந்துவிடும். அதனால் அவர் 'நல்லது' என்பதை 'நல்லதா இருக்கலாம்' என்று ஆக்கினாராம். குரலைத் தாழ்த்திக்கொள்வாராம். முதல் வாரமே ஒரு கட்டுமானத் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா எது சொன்னா நல்லதுன்னு நீங்களே சொல்லி எழுதிக்குங்க" என்றிருக்கிறார். அதை வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதும் மாமாவின் வேலைதான். சொன்னாராம்.

இந்த முறை நியாயமா என்று கேட்டுப் போனவர்களும் உண்டு. 1981இல் ஹா துவா தாவ் வழக்கு, அன்று சிங்கப்பூரின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கு விசாரணையில் தற்காப்பு சொல்ல அழைத்தும் பேசாமல் இருந்தால் அதிலிருந்து பாதகமான முடிவுக்கு வரலாம் என்பது, தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதுதானே என்பது வாதம். தீர்ப்பு எழுதிய நீதிபதி டிப்ளாக் பிரபு ஏற்கவில்லை. பேசாமல் இருப்பதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவது வெறும் பொது அறிவு என்பது அவர் பார்வை. 'மௌனம் சம்மதம்' என்று நாமும்தான் கல்யாணப் பேச்சில் சொல்கிறோம்.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் ஸ்டேஷனில் கிட்டி கிடையாது. 2018இல் சட்டத்தைத் திருத்தி, வாக்குமூலங்களைக் காணொளியில் பதிவு செய்யவும் வழி செய்தார்கள். என்னை யாரும் விரலைப் பிடித்து நெரிக்கவில்லை. ஆனால் காகிதத்தில் விழும் சொல் எவ்வளவு சிக்கலானது என்பதற்கு 2011இல் வந்த காதர் வழக்கின் தீர்ப்பைப் பார்க்கலாம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட அண்ணன் தம்பி இருவரில் ஒருவரை மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்மேல் இருந்த வழக்கு அவர் கொடுத்த வாக்குமூலங்களை நம்பியே நின்றது. அவற்றை எழுதிய விதத்தில் விதிமீறல் இருந்ததை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். இன்னொன்று, இப்போதெல்லாம் வாயைவிடக் கைப்பேசிதான் அதிகம் பேசுகிறது. அதன் கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொல்லிக் கேட்க இங்கே சட்டம் அனுமதிக்கிறது, மறுத்தால் அதுவே ஒரு குற்றம். தவளை வாயை மூடிக்கொண்டிருந்தாலும் குளம் சொல்லிவிடும்.

என் விஷயம் சின்னதாகவே முடிந்தது. சில மாதம் கழித்துக் கூப்பிட்டு, கடும் எச்சரிக்கை என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பாட்டிக்குக் கை சரியாகிவிட்டது. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவர் எனக்கே இரண்டைத் திருப்பித் தந்தார். அந்த அதிகாரிமேல் எனக்கு வருத்தமே இல்லை. யோசித்துப் பார்த்தால், என்னைப் பேச வைத்தது அவருடைய "சாப்பிட்டீங்களா"தான். முறைத்திருந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்திருப்பேன். நான் சொன்னது உண்மை, அதையும் மறுக்கவில்லை. ஆனால் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிக்க வாய்ப்பு இருந்திருந்தால், சொன்னதில் 'கொஞ்சம்' என்ற சொல் இருக்கிறதா என்றாவது பார்த்திருப்பேன். சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வரியை வாய்விட்டுச் சொல்வதால் இந்த ஊரில் குற்றவாளிகள் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

போன மாதம் மறுபடி தேக்காவில் மாமாவைப் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். பழைய எச்சரிக்கை இருந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன் என்றேன்.

மாமா சிரித்தார். "அது இருந்த காலத்துல மட்டும் என்ன? சேர்ந்த புதுசுல ஒருத்தருக்கு அதைச் சொன்னேன். கப்பல் பட்டறையில வேலை செஞ்சவர், என் அப்பா வயசு. நீ எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்லைன்னு நிறுத்தி நிதானமாச் சொன்னேன். கவனமாக் கேட்டுக்கிட்டார். அப்புறம் எந்திரிச்சு, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு, 'அப்ப நான் கிளம்பட்டுங்களா?'ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? அவர் கேட்டதை இங்கிலீஷ்ல சொன்னேன்."